சாப்பிட்டது எவ்வளவு என்று யாராவது எழுதினார்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில், தன் நாயைப் பறிகொடுத்த ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். மருத்துவமனையில் அதன் மூக்கில் குழாயைச் செருகி உணவு கொடுத்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை, வாயில்லா ஜீவனை அப்படிப் பாடுபடுத்த நான் சம்மதித்திருக்கவே கூடாது என்று எழுதியிருந்தார். அவருடைய துக்கத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது ஒருவர் ஏதோ ஒரு வராந்தாவில் நின்றுகொண்டு "டியூப் எல்லாம் வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அதே வார்த்தையை ஒரு வராந்தாவில் நின்று நானே சொல்லியிருக்கிறேன். அதுவும் 34 வருடம் மனிதர்களுக்கு அந்த டியூபைப் போட்டுக்கொண்டிருந்த நான்.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயை வார்டில் ரைல்ஸ் டியூப் என்போம். எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பொது மருத்துவ வார்டில் அந்த டியூபோடு படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தப்பியவர்கள், வயது முதிர்ந்தவர்கள். பார்க்க வரும் உறவுக்காரர்கள் வெளியே போய், "டியூப் போட்டாச்சாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குத் தெரியாமலே எனக்குள்ளும் இறங்கி எங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறது. என் பூனைக்கு டியூப் என்றதும் அதுதான் எழுந்து பேசியது.

பூனையின் பெயர் பூசணி. ஆரஞ்சு நிறம், ஒன்பது வயது, ஐந்தரைக் கிலோ. பெயரே மிச்சத்தைச் சொல்லிவிடும். கொழுகொழுவென்று இருந்தால் ஆரோக்கியம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸாக இருந்து என்ன பயன்? வீடு மாறினோம். வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்தவன் வெளியே வரவில்லை. தண்ணீர் கொஞ்சம் குடித்தான். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். புது வீடு, பழகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு ரொம்பப் பிடித்த டின் உணவைக் கூழாக்கி, சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் வைத்துத் தள்ளினேன். பாதி என் மடியில், கால்வாசி தரையில். மிச்சம் உள்ளே போயிற்றா என்பது அவனுக்குத்தான் தெரியும். மறுநாள் அந்த டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே குமட்டலில் எச்சில் ஒழுக, ஓடி ஒளிந்துகொண்டான். குமட்டலோடு இருக்கும் பூனைக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினால், குமட்டலுக்குக் காரணமே அந்த உணவுதான் என்று அது முடிவு கட்டிவிடும், குணமான பிறகும் அதைத் தொடாமல் போகலாம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். புரையேறினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஐந்தாம் நாள் காதின் உள்பக்கத்தைப் பார்த்தேன். மஞ்சள். உதட்டைத் தூக்கினேன், ஈறும் மஞ்சள். காமாலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. மருத்துவமனையில் சேர்த்தோம். முன்காலில் ஊசி ஏற்றி ட்ரிப்ஸ் போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், கூண்டில் ஒரு கிண்ணத்தில் சாப்பாடும் வைத்தார்கள். மாலையில் போன் செய்து விசாரித்தேன். "ட்ரிப்ஸ் போய்க்கொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றார்கள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில், அதே நிம்மதி.

திங்கட்கிழமை போனபோது பழக்கதோஷத்தில் கூண்டில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். காய்ச்சல், நாடி, மூச்சு, சிறுநீர், மருந்து கொடுத்த நேரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. உணவு என்ற கட்டத்தில் மட்டும் இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே சொல்: 'வைக்கப்பட்டது'. சாப்பிட்டானா, எவ்வளவு மிச்சம் வைத்தான் என்று ஒன்றும் இல்லை. அது கிண்ணத்தை எடுத்துக் கொட்டிய பையனுக்கு மட்டும்தான் தெரியும். அவனோ டியூட்டி முடிந்து போய்விட்டான்.

அந்த ஒரு மருத்துவமனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிற்பாடு தேடிப் படித்ததில், இது உலகம் முழுவதும் உள்ள வியாதி என்று தெரிந்தது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நான்கு கால்நடை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 276 நாய்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். படுத்துக் கிடப்பதற்கே தேவைப்படும் குறைந்தபட்ச சக்தி அவற்றுக்குக் கிடைத்தது 100 நாளில் 27 நாள்தான். மற்ற நாட்களெல்லாம் பட்டினி அல்லது அரைப்பட்டினி. நாயே சாப்பிட மறுத்தது ஒரு காரணம், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவு இன்னொரு காரணம். எனக்குச் சுருக்கென்று தைத்தது மூன்றாவது காரணம்: எதை, எவ்வளவு, எத்தனை தடவை கொடுக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதாமல் விட்டது. அதன் பிறகு, 2011இல், உலக சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் ஒரு வழிகாட்டுதலையே வெளியிட்டது. காய்ச்சல், நாடி, மூச்சு, வலி ஆகிய நான்கைப் பார்ப்பதுபோல, ஐந்தாவதாக ஊட்டத்தையும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஏட்டில் இருப்பது கூண்டு வரைக்கும் வந்து சேர வேண்டுமே.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். அன்று டியூட்டியில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். ஷீட்டைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா சாப்பிடலை?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா" என்றேன்.

"அது இங்க வந்த பிறகு. வீட்டில எத்தனை நாள்மா?"

"அஞ்சு."

"அப்போ ஏழு" என்று சொல்லி, ஷீட்டின் தலைப்பில் பெரிதாக 7 என்று எழுதி வட்டம் போட்டார்.

மருத்துவமனையில் சேர்த்த நாளை முதல் நாள் என்று நாம் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஈரலுக்கும் குடலுக்கும் அந்தக் கணக்கு தெரியாது. கடைசியாக ஒழுங்காகச் சாப்பிட்ட நாளிலிருந்து அவை எண்ணிக்கொண்டு வருகின்றன. மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றாலே இனி எப்படி உணவு கொடுப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும், வீட்டில் போன நாட்களையும் சேர்த்துத்தான் மூன்று என்று அந்த டாக்டர் சொன்னார். ஏழு என்ற எண்ணைப் பார்த்தபோதும் எனக்கு உடனே உறைக்கவில்லை. "ட்ரிப்ஸ் போய்க்கொண்டுதானே இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆயிரக்கணக்கான பாட்டில்களை மாட்டிய நான் ஒரு நாளும் போட்டுப் பார்க்காத கணக்கு அது.

ஒரு விலங்கு அசையாமல் படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி தேவை என்பதற்கு எளிய வழி உண்டு. எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்ட வேண்டும். இரண்டு கிலோவிலிருந்து முப்பது கிலோ வரை இது ஏறக்குறையச் சரியாக வரும். சேர்த்த அன்று பூசணி சரியாக 5 கிலோ. ஆக 220 கிலோகலோரி. ஒரு நாளைக்கு அவனுக்கு ஏற்றிய ட்ரிப்ஸ் 250 மில்லி. அது 5 சதவீத குளுக்கோஸ் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் இருப்பது பன்னிரண்டரை கிராம் குளுக்கோஸ். 50 கிலோகலோரி கூடத் தேறாது. தேவையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. புரதம் சுத்தமாக இல்லை. வெறும் உப்புநீர் பாட்டிலாக இருந்தால் அதுவும் கிடையாது. ட்ரிப்ஸ் என்பது தண்ணீரும் உப்பும் கொடுக்கிற வழி. சாப்பாடு வேறு. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். "ட்ரிப்ஸ் போகுது" என்ற இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு எத்தனை வீடுகளில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்!

பூனை விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. குண்டுப் பூனை திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தினால், உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து ஈரலுக்குக் குவியத் தொடங்கும். ஈரலால் அத்தனையையும் செலவழிக்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது. பூனை இறைச்சி தின்னும் பிராணி. பட்டினி கிடந்தாலும் அதன் உடம்பு புரதத்தை எரிப்பதைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ளாது. சில நாட்களில் ஈரல் முழுக்கக் கொழுப்பு அடைத்து, காமாலை வந்து, குமட்டல் கூடி, அதனாலேயே மேலும் சாப்பிடாமல் போகும். இது ஒரு சுழல். கொழுப்படைந்த ஈரல் நோய் என்று அவர்கள் சொல்லும் இதற்கு முதல் மருந்தே சாப்பாடுதான். குமட்டலுக்கு மாரோபிடன்ட் ஊசி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் பொட்டாசியம், இவையெல்லாம் துணைக்கு. பசியைத் தூண்டும் மருந்துகளும் இப்போது வந்துவிட்டன. பூனையின் காதில் தடவும் மிர்டாசபின் களிம்புக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். நாய்களுக்கு கேப்ரோமோரெலின் 2016லேயே வந்துவிட்டது. லேசாகப் பசி மந்தப்பட்டிருக்கும்போது அவை உதவும். ஒரு வாரம் பட்டினி கிடந்து மஞ்சளான பூனையிடம் களிம்பைத் தடவிவிட்டுக் காத்திருப்பது வீண்.

"டியூப் போடணும்மா" என்றார் டாக்டர்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். வேண்டாம் டாக்டர், அவன் பாவம், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளுக்கு நான்தான் பொறுப்பு, வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை அவன் தலையைத் தூக்கவில்லை. டாக்டர் வந்தார். நான் நர்ஸ் என்று அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "உங்க வார்டில எட்டு நாள் சாப்பிடாத பேஷன்ட் இருந்தா என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் போட்டது மூக்கு டியூப்தான், போன வாரக் கடிதத்தில் அந்த வாசகர் பார்த்தது போன்றதே. ஐந்து ஃபிரெஞ்ச் அளவு. எங்கள் தொழிலில் மூன்று ஃபிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர். ஆக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, அவ்வளவு மெல்லியது. மூக்கில் மரத்துப்போகும் சொட்டுமருந்து விட்டு, ஜெல்லி தடவி, தலையை நிமிர்த்தாமல் இயல்பாகப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே விட்டார். மயக்க மருந்து தேவைப்படவில்லை. வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். பூசணி நாலைந்து தும்மல் போட்டான், பாதத்தால் மூக்கைத் தேய்த்தான், கழுத்தில் மாட்டிய கூம்புப் பட்டையை வெறுத்தான். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டான். அந்த வாசகர் பார்த்தது அநேகமாக அந்த முதல் ஒரு மணி நேரமாக இருக்கலாம்.

இங்கே நான் ஒன்று கற்றுக்கொண்டேன். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை உள்ளே அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் எத்தனையோ மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை நம்ப முடியாது என்று மனித மருத்துவமும் பிற்பாடு ஒப்புக்கொண்டது. தளர்ந்துபோன விலங்கு, டியூப் மூச்சுக்குழலுக்குள் போனாலும் இருமாமல் இருந்துவிடக் கூடும். அதனால் இருமவில்லை என்பதும் சாட்சி ஆகாது. எக்ஸ்ரே எடுத்து, டியூப் போகிற பாதையை எனக்கும் காட்டிய பிறகுதான் முதல் சொட்டு உணவு உள்ளே போனது. உங்கள் பிராணிக்கு டியூப் போட்டால் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எட்டு நாள் பட்டினிக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பாடு போனால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் அளவு சரிந்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பூனைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தே போகலாம். போர்க்காலப் பட்டினியிலிருந்து மீட்ட மனிதர்களிடம் கண்டுபிடித்த ஆபத்து இது, விலங்குக்கும் அதேதான். அதனால் முதல் நாள் தேவையில் கால் பங்கு, 55 மில்லி மட்டும். மில்லிக்கு ஒரு கிலோகலோரி வீதம் வரும் திரவ உணவு என்பதால் கணக்கு சுலபம். மறுநாள் பாதி, அடுத்த நாள் முக்கால், நாலாம் நாள் முழு 220. நடுநடுவே ரத்தப் பரிசோதனை. டாக்டர் அதைச் சுவரில் எழுதி ஒட்டினார். 'வைக்கப்பட்டது' என்ற சொல் ஷீட்டிலிருந்து காணாமல் போயிற்று. எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று எண்களாக வரத் தொடங்கின.

மூக்கு டியூப் சில நாளுக்குத்தான். அதன் வழியே திரவத்தைத் தவிர வேறு எதுவும் போகாது, அதோடு வீட்டுக்கு அனுப்புவதும் கஷ்டம். பூசணிக்குப் பல வாரம் தேவைப்படும் என்றதால் அடுத்தது கழுத்து டியூப். ஈரல் கெட்ட பூனைக்கு ரத்தம் உறைவது தாமதமாகலாம் என்று முதலில் வைட்டமின் கே ஊசி போட்டு, உறையும் நேரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் சிறிது நேர மயக்கத்தில், கழுத்தின் இடது பக்கம் சின்னத் துளை போட்டு, உணவுக்குழாய்க்குள் 14 ஃபிரெஞ்ச் குழாயை இறக்கித் தையல் போட்டார்கள். அதன் நுனி இரைப்பைக்குப் போகாமல் மார்புக்குள் உணவுக்குழாயிலேயே நின்றுவிடும். அதற்கும் எக்ஸ்ரே. கழுத்தில் குழாய் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மை. ஆனால் அவனுக்கு மூக்கு டியூபைவிட இது எவ்வளவோ மேல். தும்மல் இல்லை, கூம்பு இல்லை, கழுத்தைச் சுற்றி மெத்தென்று ஒரு துணிப்பட்டை மட்டும். அதோடேயே வாயாலும் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். இரைப்பைக்கு நேராக வயிற்றுச் சுவர் வழியே போடுவதும், சிறுகுடலுக்குப் போடுவதும் உண்டு. உணவுக்குழாய் கெட்டிருந்தால், ஓயாத வாந்தி இருந்தால் அவற்றை யோசிப்பார்கள். இரைப்பை டியூபை இரண்டு வாரம் ஆகும் முன் எடுத்தால் வயிற்றுக்குள் கசியும் அபாயம் உண்டு. கழுத்து டியூபை வேண்டாம் என்று நினைத்த நிமிடம் உருவிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து வாரம் நான் மறுபடியும் டியூட்டிக்குப் போனவள் போலத்தான் இருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. உணவைக் கட்டியில்லாமல் அரைத்து வடிகட்டி, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வைத்து, முதலில் ஐந்து மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் 44 மில்லி உணவு, கால் மணி நேரத்துக்குக் குறையாமல், கடைசியில் மறுபடி அதே தண்ணீர். அவசரப்பட்டு அழுத்தினால் உதட்டை நக்குவான், எச்சில் ஊறும். அப்படியென்றால் குமட்டுகிறது, நிறுத்து என்று அர்த்தம். மனிதர்களுக்கான டியூப் உணவுப் பொடி வீட்டில் இருக்கிறதே என்று ஒரு தோழி கேட்டார். பூனைக்கு அது ஆகாது. புரதம் போதாது, டாரின் என்ற சத்தும் அர்ஜினின் என்ற அமினோ அமிலமும் பூனைக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும். மனிதர்கள் சாப்பிடும் எதையும் கரைத்து ஊற்றும் எண்ணமும் வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்ந்தவை நாய்க்கும் பூனைக்கும் விஷம். துளையைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்தேன். ஒரு தடவை லேசாகச் சீழ் பிடித்தது, மருந்தில் சரியாயிற்று.

ஒரு இரவு டியூப் அடைத்துக்கொண்டது. என் தவறுதான், மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் விட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து மெல்லத் தள்ளி, இழுத்து, தள்ளி, இழுத்து அரை மணி நேரம் போராடிய பிறகு திறந்தது. அவன் அந்த அரை மணி நேரமும் என் மடியில் உறுமலும் இல்லாமல் உதறலும் இல்லாமல் படுத்திருந்தான். வாயில் ஊட்டியபோது என்னைக் கண்டு கட்டிலுக்கடியில் ஓடிய அதே பூனை.

இருபத்திநாலாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்று மூக்கை நீட்டி முகர்ந்தான். வேறு ஒரு உணவைக் கொஞ்சம் வைத்தேன். நக்கினான். சத்தம் போடாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் உடனே டியூபை எடுக்கவில்லை. வாயால் சாப்பிடுவது கூடக் கூட டியூபில் கொடுப்பதைக் குறைத்து, டியூபில் ஒன்றுமே கொடுக்காமல் ஒரு வாரம் எடை இறங்காமல் நின்ற பிறகுதான் எடுத்தார்கள். தையலை வெட்டி ஒரே இழுப்பு, மயக்க மருந்து இல்லை. துளையைத் தைக்கவும் இல்லை. சில நாளில் தானாகவே மூடிக்கொண்டது.

நாய் வளர்ப்பவர்கள் இது பூனைக் கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனின் நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தது. வாந்தி, ரத்தபேதி. வாந்தி நிற்கும் வரை வாயில் ஒன்றும் கொடுக்காதே என்பதுதான் பழைய பாடம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2003இல் வந்த ஓர் ஆய்வில் பார்வோ வந்த 30 குட்டிகளை எடுத்துக்கொண்டு, பாதிக் குட்டிகளுக்கு வாந்தி நிற்கும் வரை பட்டினி போட்டார்கள். மீதிக்கு, சேர்த்த 12 மணி நேரத்திலிருந்தே, வாந்தி இருக்கும்போதே மூக்கு டியூபில் கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தார்கள். டியூபில் உணவு போன குட்டிகள் சுமார் ஒரு நாள் முன்னதாகவே தேறின, எடையும் ஏறின. காரணம் எளிது. குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் தங்களுக்கான சாப்பாட்டில் பெரும்பகுதியைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உள்ளே ஒன்றும் வராவிட்டால் சுவர் மெலிந்து, கிருமிகள் ரத்தத்துக்குள் கசிய வழியாகிறது. பக்கத்து வீட்டுக் குட்டிக்கு டியூபை இரைப்பை வரை விட்டிருந்தார்கள். அதனால் தேங்கிய நீரை அதன் வழியாகவே வெளியே எடுக்கவும் முடிந்தது, வாந்தியும் குறைந்தது. பையன் அழுதுகொண்டே என்னிடம் வந்து, "மூக்குல டியூப் போட்டுட்டாங்க ஆன்ட்டி" என்று சொன்னான். அதே தாழ்ந்த குரல். இருபது வயசுப் பையனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

டியூப் போட்டால் எல்லாம் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தீராத நோயின் கடைசியில், அதுவும் நமக்கும் மருத்துவருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்ட பிறகு, சாகும் நாளைத் தள்ளிப் போடுவதற்காக மட்டும் டியூப் போடுவதை வார்டிலும் நான் எதிர்த்திருக்கிறேன், இங்கும் எதிர்ப்பேன். நினைவில்லாமல், விழுங்கும் சக்தியில்லாமல் கிடக்கும் விலங்குக்கு டியூப் உணவே மேலேறி மூச்சில் போகும் ஆபத்தும் உண்டு. போன வார வாசகரின் நாய் எந்த நிலையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சம்மதித்தது தப்பு என்று அவர் நினைக்கிறார். எட்டு நாள் கழித்துப் போட்ட டியூபும் மூன்றாம் நாள் போட்ட டியூபும் ஒன்றில்லை. கடைசிக் கட்டத்தில் போட்டால் டியூப் பார்த்ததெல்லாம் சாவாகத்தான் இருக்கும், அப்புறம் பழி டியூபின் மேல் விழும்.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிய மெஷின் எதுவும் இல்லை. கேஸ் ஷீட்டில் ஒரு கட்டத்தைச் சேருங்கள்: கடைசியாக ஒழுங்காகச் சாப்பிட்ட தேதி, இன்றைக்குத் தேவை எத்தனை கிலோகலோரி, உள்ளே போனது எத்தனை. ஸ்கேனுக்காகப் பட்டினி போட்டுவிட்டு, ஸ்கேன் தள்ளிப்போன பிறகும் உத்தரவை யாரும் எடுக்காமல் விடுவதையும் அந்தக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். கிண்ணத்தைக் கழுவுகிற பையனையும் அதில் எழுதச் சொல்லுங்கள், அவனுக்குத்தான் முதலில் தெரிகிறது. வளர்ப்பவர்கள் போன் செய்யும்போது "எப்படி இருக்கிறான்?" என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த வார்டிலும் ஒரே பதில்தான், நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். "இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டான்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல யாராவது எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும்.

கடிதம் நீண்டுவிட்டது ஆசிரியரே, வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். 220 கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பூசணி இப்போது நாலே முக்கால் கிலோ, மருத்துவர் சொல்லித்தான் அதற்குமேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். கழுத்தில் மழித்த இடத்தில் முடி வளர்ந்துவிட்டது, தழும்பை விரலால் தடவித் தேடினால்தான் தெரியும். டியூபையும் சிரிஞ்சையும் அவன் மறந்துவிட்டான். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, நான் வாயில் திணித்தேனே அந்த டின் உணவு, அதை மட்டும் இன்றுவரை தொடுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் ஒருவர்